நாகைக் கடற்கரையில் மணல் கோபுரமும் சரிந்த கப்பலும்

பாய் விரித்த கப்பலை மணலில் தனியாக நிமிர்த்தி நிறுத்த முடியாது. முடியும் என்று சொல்பவர்கள் உள்ளே கம்பி வைத்திருப்பார்கள், அல்லது படம் எடுக்கும்வரை மட்டும் அது நின்றிருக்கும். மாசி மகத்துக்குக் கூட்டம் வரும் என்பதால் நாகப்பட்டினம் கடற்கரையில் ஊரின் வரலாற்றை ஆறு மணற்சிற்பங்களாக அமைத்தோம். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியன். உடன் ஒரு கொத்தனார் மேஸ்திரி, இரண்டு சித்தாள்கள், பழைய மாணவர்கள் சிலர். ஐந்து சிற்பங்கள் ஒழுங்காக நின்றன. டச்சுக் கப்பல் மட்டும் சரிந்து, வேறு வடிவத்தில் மறுபடி எழுந்தது. அடுத்து யாராவது முயன்றால் உதவும் என்று அளவுகளையும் செலவையும் எழுதி வைக்கிறேன்.

எதைச் செதுக்குவது என்பதை வரலாறு பாதிதான் முடிவு செய்தது, மீதியை மணல் முடிவு செய்தது. அடி அகன்று தலை குறுகும் உருவமானால் மணல் ஒத்துக்கொள்ளும். மாணவர்கள் முதலில் கேட்டது நாகூர் தர்கா. அங்கே ஐந்து மினாராக்கள். உயரமானது 131 அடி. அந்த ஒல்லியான வாகு மணலுக்கு ஆகாது. குட்டையாகவும் தடிமனாகவும் செய்தால் மினாரா போலவே இருக்காது. ஆகவே விட்டுவிட்டோம். பார்க்க வந்தவர்களில் பலர் இதைக் கேட்டுக் குறைப்பட்டார்கள், அது நியாயம்தான். கடைசியில் தேறிய வரிசை: அதிபத்த நாயனாரின் மீன், ஊருக்கு வடக்கே ஒரு காலத்தில் நின்ற பௌத்தக் கட்டடமான புதுவெளிக் கோபுரம், ஆனைமங்கலச் செப்பேடு, டச்சுக் கப்பல், ரஜூலா கப்பல், கட்டுமரம்.

இடம் பார்ப்பதில் வெயிலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் எல்லோரும் சிற்பத்தைக் கடல் பார்க்க வைப்பார்கள். ஆனால் கூட்டம் வருவது மாலையில். அப்போது சூரியன் சிற்பத்தின் முதுகுக்குப் பின்னால் போய்விடும், முகம் முழுவதும் நிழலில் கிடக்கும், செதுக்கிய கோடு ஒன்றும் தெரியாது. மாசியில் சூரியன் இன்னும் தெற்கே சாய்ந்துதான் போகிறது. அதனால் முன்பக்கத்தைத் தெற்குப் பார்த்து வைத்தோம். மாலை வெயில் மேற்கிலிருந்து பக்கவாட்டில் விழும்போது அரை அங்குலப் பள்ளம்கூட ஆழமாகத் தெரிந்தது.

இரண்டாவது, தண்ணீர். நாகைக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது என்பதால் ஈரக்கோட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கயிறு பிடித்தோம். வலை சீர் பார்த்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், "தம்பி, மகம் பௌர்ணமியில வருது. அன்னிக்குத் தண்ணி இந்தக் கயித்தைத் தாண்டும், மேலே போங்க" என்றார். முப்பதடி மேலே ஏற்றினோம். மகத்தன்று அலையின் நுரை பழைய கயிறு இருந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியது. ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததும் மீனவப் பஞ்சாயத்தாரிடம் கேட்டதும் தனி வேலை. அவற்றை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது மணலின் தரம். அலை ஓரத்து மணலைக் கழுவிக் கழுவிக் கடல் சுத்தமாக்கி வைத்திருக்கிறது. கட்டடத்துக்கு மணல் சுத்தமாக இருக்க வேண்டும், சிற்பத்துக்கோ கொஞ்சம் அழுக்கு வேண்டும். ஈர மணலைப் பிடித்து எலுமிச்சை அளவு உருண்டையாக்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தோம். அலை ஓர மணல் இரண்டு உருட்டலில் உதிர்ந்தது. மேட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் தாங்கியது. கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், அடங்கியபின் மேலே படியும் வண்டலின் கனம் தெரியும். மேட்டு மணலில் மெல்லிய படலம் இருந்தது, அலை ஓர மணலில் ஒன்றுமே இல்லை. டெல்டாவில் வண்டலுக்கு என்ன பஞ்சம்? ஒரு விவசாயியிடம் டிராக்டர் லோடு ஒன்று வாங்கி, எட்டுச் சட்டி மணலுக்கு ஒரு சட்டி வண்டல் என்று கலந்தோம். ஆறுக்கு ஒன்று கலந்து பார்த்த சோதனைக் கட்டி, காய்ந்ததும் வயல் போல வெடித்தது. எட்டுக்கு ஒன்றுதான் சரி.

கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போட்டால் முனைகள் கூராக இருப்பதால் நன்றாகப் பிடிக்கும் என்று மேஸ்திரி சொன்னார். உண்மைதான். ஆனால் வேலை முடிந்தபின் அதைக் கடற்கரையில் விட்டுவர மனம் ஒப்பவில்லை.

இனி கோபுரம். வேலையில் பாதி இதற்குத்தான் போனது, பதிவிலும் பாதி போகட்டும்.

சென்ட்ரிங் வேலைக்கு வாடகைக்குத் தரும் இரும்பு ஷீட் மூன்றடிக்கு இரண்டடி. அந்த அளவை வைத்தே கோபுரத்துக்குத் திட்டம் போட்டோம். அடிப்பெட்டி ஒன்பதுக்கு ஒன்பது அடி, நடுப்பெட்டி ஆறுக்கு ஆறு, மேல்பெட்டி மூன்றுக்கு மூன்று. ஒவ்வொன்றும் இரண்டடி உயரம். ஷீட் 12, 8, 4 என மொத்தம் 24. அடியும் மூடியும் இல்லாத பெட்டிகள் இவை. நிரப்பினால் 252 கன அடி, அதாவது இரண்டரை யூனிட். ஈர மணலில் இது 13 டன்னுக்கு மேல் வரும். எடை தெரிந்திருந்தும் ஷீட்டுகளைக் கட்டுக்கம்பியால் மட்டுமே கட்டியிருந்தோம். அடிப்பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் கிழக்குப் பக்கத்து நடு ஷீட் வயிறு தள்ளியது. மூலையில் கம்பி அறுந்து ஒரு பக்கம் திறந்துகொண்டது. பிறகு நான்கு பக்கமும் சவுக்குக் கம்பை இரண்டு வரிசையாகப் படுக்க வைத்து, வெளியே முளை அடித்து முட்டுக் கொடுத்தோம். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். மணலை வாரி வெளியே கொட்டி மறுபடி நிரப்பும் கூலி, முட்டுக் கம்பு வாடகையைவிடப் பல மடங்கு.

நிரப்பும் முறை இது. ஆறு அங்குலம் மணல் போட வேண்டும். மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் அளவுக்கு ஓஸ் பிடிக்க வேண்டும். தண்ணீர் இறங்கியதும் திமிசுக் கட்டையால் மூலையிலிருந்து நடுவுக்கு இடித்து வர வேண்டும். நன்றாக இறுகிவிட்டால் கட்டை விழும் சத்தம் மாறிவிடும். 'பொத்' என்பது போய் 'டக்' என்று கேட்கும். மாணவர்கள் ஓர் அடியாகக் கொட்டி ஒரேயடியாக இடித்த அடுக்கு பின்னால் செதுக்கும்போது பட்டையாகத் தெரிந்தது, விரல் பட்டாலே உதிர்ந்தது. தண்ணீருக்கு நான்கடிப் பள்ளம் தோண்டினாலே ஊற்று வருகிறது, சற்றே உப்பு. நிரப்புவதற்கு அது போதும். மேற்பரப்பில் தெளிக்க மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புநீர் காய்ந்தால் முகத்தில் வெள்ளை பூத்து நிழலைத் தின்றுவிடுகிறது.

ஓர் இரவு வடியவிட்டு, மறுநாள் மேல்பெட்டியை மட்டும் கழற்றினோம். செதுக்குவது எப்போதும் மேலிருந்து கீழ். கீழே இருக்கும் பெட்டிகள்தான் சாரம், ஏறி நிற்க அவைதான் மேடை. மேல் அடுக்கு முடியாமல் கீழ்ப்பெட்டியைக் கழற்றக் கூடாது.

புதுவெளிக் கோபுரத்தை எப்படிச் செதுக்குவது என்பதில் கொஞ்சம் வாதம் நடந்தது. ஸ்ரீவிஜய அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தை பெயரால் ராஜராஜ சோழன் காலத்தில் இங்கே கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எப்படி இருந்தது என்று காட்டும் படம் எதுவும் இல்லை. கைக்குக் கிடைப்பது, ஊருக்கு வடக்கே 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற இந்தக் கோபுரத்தின் வரைபடம்தான். 1846இல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட், நான்கு பக்கமும் மூன்று நிலையும் கொண்ட செங்கல் கட்டடம் என்றும், சாந்தில்லாமல் கல் நெருக்கமாக அடுக்கியிருந்தது என்றும், பக்கத்துக்கு ஒரு வாசல் இருந்தது என்றும் எழுதி வைத்தார். கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். 1867இல் இடித்துவிட்டார்கள். அது விகாரத்தின் மிச்சமா, வேறொரு பௌத்தக் கட்டடமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மாணவர்கள் மேலே கலசம் வைத்து முழுக் கோபுரமாக்க விரும்பினார்கள். நான் சம்மதிக்கவில்லை. இடிந்த தலையோடுதான் எலியட் பார்த்தார், அப்படியே செதுக்குவோம் என்றேன். சொல்லப்போனால் இடிந்த கட்டடம்தான் மணலுக்குச் சுலபமும்.

சுவரைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக வெட்டிய பக்கத்தில் மதியத்துக்குள் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல் ஓடியது. மற்ற மூன்று பக்கங்களையும் அடிக்கு ஓர் அங்குலம் உள்வாங்க வைத்தோம். கண்ணுக்குச் செங்குத்தாகவே தெரிந்தது. நிலைகளுக்கு நடுவே சுவரிலிருந்து நீளும் விளிம்பான கபோதத்தை மூன்று அங்குலம் துருத்தவிட்டால் விழுகிறது. இரண்டு அங்குலம் வைத்து, அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவினால் நிற்கிறது. அந்தச் சாய்வில் விழும் நிழலால் நான்கு அங்குலம் போலத் தோன்றுகிறது. வாசலின் மேல்பக்கத்தை நேர்க்கோடாக வெட்டினேன். சிறிது நேரத்தில் நடுவில் மணல் துளித்துளியாக உதிர்ந்து, தானே வளைவாகி, பிறகு நின்றுகொண்டது. மற்ற வாசல்களை அந்த வளைவைப் பார்த்தே வெட்டினோம்.

செங்கல் வரி போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. மூலைமட்டத்தை வைத்துத் தென்னை ஈர்க்கால் கோடு இழுக்க வேண்டும்; ஆணியால் இழுத்தால் கோட்டின் இரு கரையிலும் மணல் மேடு கட்டுகிறது. கோட்டுக்குள் விழுந்த துகளைப் பேனா ரீஃபிலின் காலிக்குழாயால் ஊதி எடுக்க வேண்டும். பிரஷ் வைத்தால் கல்லின் முனை மழுங்கிவிடும். முதல் நிலை முழுவதும் வரி போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் கட்டம் போட்ட நோட்டுத்தாள் மாதிரி இருந்தது. மணியாசுக்கட்டையால் தேய்த்து அழித்துவிட்டு, இடிந்த மூலைகளிலும் வாசல் ஓரத்திலும் மட்டும் கல் தெரியும்படி வைத்தேன். சில கற்களைப் பெயர்த்து எடுத்த குழியாக விட்டேன். பிறகுதான் கட்டடத்துக்கு வயது வந்தது.

மீனில் சிக்கல் ஒன்றும் இல்லை. பன்னிரண்டடி நீளம், மூன்றடி உயரம், பெட்டியே தேவைப்படவில்லை. குவித்து இடித்தது போதும். அதிபத்தர் இந்த ஊர் நுளைப்பாடியைச் சேர்ந்தவர். நாள்தோறும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர், வேறு மீனே அகப்படாத நாளில் வந்த பொன்மீனையும் விட்டுவிட்டார் என்பது பெரியபுராணக் கதை. செதிலுக்கு முக்கால் அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து வால் பக்கத்திலிருந்து தலைநோக்கிப் பதித்து வந்தோம். தலையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு செதிலும் முந்தையதைக் கெடுக்கும். பொன் என்பதைக் காட்ட மஞ்சள்பொடி தூவலாம் என்று ஒருவன் சொன்னான். மணலின் நிறமே போதும் என்று விட்டேன்.

செப்பேட்டை நிறுத்தி வைக்காமல் சாய்மேடையில் படுக்க வைத்தோம். ராஜராஜன் விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைப் பொறித்தவை 21 ஏடுகள். ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். அத்தனை ஏடுகளையும் காட்டாமல் விசிறியாக விரிந்த ஏழு விளிம்புகள் மட்டும் செதுக்கினோம். வளையத்தில் பொருந்திய முத்திரையில் புலி, இரண்டு கயல், வில். மணலில் எழுத்து ஒன்றரை அங்குல உயரத்துக்குக் குறைந்தால் படிக்க வராது என்பதால் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் கிடைத்தது.

கப்பலுக்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இந்த நூற்றிச் சொச்சம் ஆண்டுகளுக்கு ஒரு பெரிய பாய்க்கப்பல் இல்லாமல் எப்படி? உடல் ஏழடி, அதன்மேல் பாய்களாக எட்டு அங்குலக் கனத்தில் நான்கடி உயரச் சுவர் ஒன்றை விட்டுச் செதுக்கினோம். காலையில் அழகாகத்தான் இருந்தது. பிற்பகலில் கொண்டல் காற்று எழுந்தது. காற்று படும் பக்கம் முதலில் காய்ந்து தோல் உரிவது போல மணல் வழிந்தது. மறுபக்கம் ஈரமாகவே இருந்தது. ஒரு பக்கம் கனம் குறைந்ததும் சுவர் காற்றை நோக்கியே சாய்ந்து, உடலின் மேல்தளத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருந்தால் சற்று நேரம் கூடுதலாக நின்றிருக்கும், அவ்வளவுதான்.

மேஸ்திரி, "சார், நிக்க வைக்காதீங்க, சாய்ச்சு வைங்க" என்றார். ஒடிசாவின் புரிக் கடற்கரைச் சிற்பங்களின் படங்களைப் பார்த்தால் இதே உத்திதான் தெரியும்: பெரும்பாலும் சாய்ந்த மேட்டின் முகத்தில் எழும்பும் புடைப்பு. விழுந்த மணலையே குவித்துச் சுமார் 55 பாகைச் சாய்வுக்கு இடித்து, பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்த புடைப்பாகச் செதுக்கினோம். புடைப்பின் உயரம் அதிகபட்சம் நான்கு அங்குலம். கப்பலைப் பக்கவாட்டில் காட்டாமல் பின்பக்கம் சற்றுத் தெரியும்படி திருப்பியதால் அந்த நான்கு அங்குலமே ஆழமாகத் தோன்றியது. பின்பக்கத்தில் டச்சுக் கம்பெனியின் வி, ஓ, சி என்ற மூன்றெழுத்து முத்திரையையும் பொறித்தோம். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "ஓ, சிதம்பரனார் கப்பலா?" என்று மகிழ்ந்தார்கள். தூத்துக்குடிக் கணக்கை நாகையில் சேர்த்த பழி வேண்டாம் என்று மறுநாள் அதை அழித்துவிட்டு ஆண்டை எழுதினோம்.

ரஜூலா நீராவிக் கப்பல், 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஆட்களைச் சுமந்தது. தட்டையான உடல், தடித்த புகைபோக்கி, மணலுக்கு இதைவிட ஏற்ற கப்பல் கிடையாது. கரையோடு ஒட்டினாற்போல் செதுக்கியிருந்தோம். சிறுவயதில் அதில் போனவர் என்று சொன்ன முதியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கப்பல் கரைக்கு எங்கே வந்தது? நடுக்கடலில் நிற்கும், படகில் போய் ஏறணும், பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது உயிர் போகும்" என்றார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இரண்டடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டி, அதில் தகரப்பெட்டிகளோடு ஒரு படகை வைத்தோம். கரைப் பக்கம் 1861இல் இங்கிருந்து தொடங்கிய ரயில் பாதைக்கு இரண்டு கோடுகள். படகு வந்தபின் சிற்பத்தில் கூட்டம் நின்றது. முன்பு கடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசிச் சிற்பமாக 2004 சுனாமிக்குப் பெரிய அலை ஒன்றைத் திட்டத்தில் வரைந்திருந்தேன். பஞ்சாயத்தாரிடம் காகிதத்தைக் காட்டியபோது ஒருவர் அந்த இடத்தில் மட்டும் விரலை வைத்து, "இது வேண்டாம்" என்றார். காரணம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டுமரமும் ஃபைபர் படகும் அருகருகே. சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டன. அந்த நாளின் தடத்தை இந்தக் கரையில் இப்படியும் காட்டலாம். கட்டைகளைப் பிணைக்கும் கயிற்று முடிச்சு எங்களுக்குத் தெரியவில்லை. கயிற்றை மேலே ஏற்றச் சொன்ன மீனவப் பெரியவரே உட்கார்ந்து ஈர்க்கை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

மேல்பூச்சுக்கு மரவேலைப் பசை. ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீரில் கலந்தது பளபளவென்று தோல் கட்டிப் பட்டையாகப் பெயர்ந்தது. ஒன்றுக்குப் பத்து கலந்து, துணியில் வடிகட்டி, கைத்தெளிப்பானால் மூன்று முறை பனி போலத் தெளித்தது நன்றாக நின்றது. வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துத் துளியாகச் சொட்டும். சொட்டிய இடத்தில் குழி விழும். பழைய சுண்ணாம்பு வேலை நினைப்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை மேஸ்திரி ஒரு தனிக் கட்டியில் தெளித்துப் பார்த்தார். விடிவதற்குள் எறும்புப் படை.

எறும்பைவிட நண்டு பெரிய எதிரி. ஈரமும் இறுக்கமும் உள்ள மணல் நண்டுக்கும் பிடிக்கிறது. இரவோடு இரவாகக் கோபுரத்தின் அடியில் வளை தோண்டி மண்ணை வாசலில் கொட்டி வைத்திருந்தது. வளைக்குள் ஈரமணல் திணித்து இடித்து அடைத்தோம். அடுத்த இரவு அடியைச் சுற்றிப் பழைய வலையை ஓரடிக்குப் புதைத்த பிறகு தொல்லை குறைந்தது. நாய்க்குக் கயிறு வேலி பொருட்டே இல்லை. மீனின் முதுகு அதற்கு வசதியாக இருந்தது.

செலவு, ரூபாயில்: ஷீட்டும் சவுக்குக் கம்பும் வாடகை, ஏற்றுக்கூலியோடு 3,200. டீசல் பம்பு, ஓஸ் 2,400. கூலி 14,000. வண்டல் 1,500. பசை, தெளிப்பான் 1,900. கயிறு, முளை, தார்ப்பாய் 1,800. சாப்பாடு, டீ 3,700. மொத்தம் 28,500. சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். மணல் இடிப்பவருக்குப் பசி அதிகம்.

அடுத்த முறை ஆறு சிற்பங்கள் வேண்டாம், நான்கு போதும். மீதமாகும் ஆட்களை இடிப்பதில் போடலாம். கோபுரத்தின் அடியை ஒன்பதடியிலிருந்து பன்னிரண்டாக்கி நான்கு பக்கமும் ஒன்றரையடி நடைமேடை விடுவேன், கடைசி நாளில் கீழ்நிலையைத் திருத்தக் கால் வைக்க இடமில்லாமல் போனது. காற்று படும் கிழக்குப் பக்கம் வேலை முடியும்வரை தார்ப்பாயைத் திரையாகக் கட்ட வேண்டும். விளக்கப் பலகையைச் சிற்பத்தின் முன் வைக்காமல் பக்கத்தில் வைக்க வேண்டும், படம் எடுப்பவர்கள் அதைப் பிடுங்கி எறிகிறார்கள். நாகூர் மினாராவையும் சாய்மேட்டுப் புடைப்பாக முயலலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தையும் வரிசையாக வைக்கப் பதினைந்தடி அகல மேடு வேண்டியிருக்கும், அதற்கு ஒன்றரை யூனிட் போதும்.

ஷீட்டுகளைத் திருப்பிக் கொடுக்குமுன் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய இன்ஜின் ஆயில் தடவிவிட வேண்டும். உப்புப் பட்ட இரும்பு ஒரே வாரத்தில் பொரிந்துவிடும். எங்களிடம் முன்பணத்தில் 400 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.